புருஷன் போயிட்டான்னு பாடற பாட்டுல அதே புருஷன் எப்படி நடிச்சாரு?

அமெரிக்க பாப் பாடகி பிங்க் பாடின 'ஸோ வாட்' பாட்டு பத்தி இங்க ஒருத்தர் கேட்டிருந்தாரு. பாட்டோட மொத வரியே புருஷன தொலைச்சுட்டேன்னு வருது, வீடியோவ பாத்தா அந்தப் புருஷனே வந்து நிக்கிறாரு, இப்ப ரெண்டு பேரும் குழந்தை குட்டியோட ஒண்ணாதான் இருக்காங்க, அப்ப 2008-ல பிரிஞ்சதா சொன்னதெல்லாம் ஆல்பம் விக்க போட்ட நாடகமா, நெஜமாவே பிரிஞ்சிருந்தா அந்த வேதனைய ஏன் காமெடியா பாடி அதையே மொத பாட்டா வெளியிட்டாங்கன்னு. நாடகமா இல்லையாங்கறதுக்கு தேதிய வெச்சே பதில் சொல்லிடலாம், அது சீக்கிரம் முடிஞ்சிரும். ஆனா அவர் உண்மையில கேக்கறது வேறன்னு எனக்குத் தோணுது. ஒருத்தருக்கு நெஜமாவே வலிச்சா இப்படி சிரிக்க முடியுமா, சிரிச்சா அத நம்பலாமா, இதுதான் கேள்வி. ரொம்ப வருஷமா கவர் பேண்டுல, அதாவது ஏற்கனவே வந்த பாட்டுகள மேடையில வாசிக்கிற குழுவுல, கிட்டார் வாசிக்கிறேன், மத்தவங்களுக்கு பாட்டு அரேஞ்ச் பண்ணியும் குடுக்கறேன், இந்தப் பாட்ட மேடையில பல பாடகிகளோட வாசிச்சிருக்கேன், அதனால பாட்டுக்குள்ள என்ன நடக்குதுங்கறத கொஞ்சம் தைரியமா சொல்ல முடியும். அவங்க குடும்பத்துக்குள்ள நடந்தது பத்தி நமக்கு வெளிய வந்த அளவுதான் தெரியும், அத தாண்டி நான் எதுவும் சொல்லப் போறதில்ல.

தேதிய மொதல்ல முடிச்சுருவோம். பிங்க்கோட புருஷன் பேரு கேரி ஹார்ட், மோட்டோகிராஸ் ரேஸர், மண்ணுல பைக் ஓட்டி உயரத்துல தாவி சாகசம் பண்ற ஆளு. 2005-ல கலிஃபோர்னியாவுல மாமத் லேக்ஸ்ங்கற எடத்துல அவர் ரேஸ் ஓட்டிட்டு இருக்கறப்ப, ஓரமா நின்னு ரைடருக்கு தகவல் காட்டற பலகை இருக்கும் இல்ல, அதுல என்ன கல்யாணம் பண்ணிக்கறியான்னு எழுதி காட்டினதே இந்தம்மாதான், பின்பக்கம் திருப்பினா நான் சீரியஸாதான் கேக்கறேன்னு இருந்துச்சு. 2006 ஜனவரியில கோஸ்டா ரிக்கா கடற்கரையில கல்யாணம். 2008 பிப்ரவரியில பிரிஞ்சுட்டோம்னு முறையா அறிவிச்சாங்க. பாட்டு ரேடியோவுக்கு வந்தது அதே வருஷம் ஆகஸ்ட்ல, 'ஃபன்ஹவுஸ்' ஆல்பம் அக்டோபர் கடைசியில. விவாகரத்து வரைக்கும் போகவே இல்ல, அடுத்த ரெண்டு வருஷத்துக்குள்ள மறுபடி ஒண்ணு சேந்துட்டாங்க, 2011 ஜூன்ல மக வில்லோ பொறந்தா, 2016 டிசம்பர்ல பையன் ஜேம்சன். இத வரிசையா வெச்சுப் பாருங்க, பிரிவு வெளிய வந்தது பாட்டுக்கு அரை வருஷம் முன்னாடி. ஆல்பத்துக்காக கட்டின கதைன்னா பாட்டு வர்ற வாரத்துலதான் அறிவிச்சிருப்பாங்க, ஊர் முழுக்க பேசி ஓய்ஞ்ச பிறகு இல்ல. அதனால நாடகம்னு சொல்ல எந்த ஆதாரமும் இல்ல. அதே சமயம் சொந்தக் கதைய விளம்பரத்துக்கு பயன்படுத்தவே இல்லன்னும் சொல்ல முடியாது, பயன்படுத்தினாங்க, ஒளிவு மறைவில்லாம நல்லாவே பயன்படுத்தினாங்க. ஒரு விஷயத்த பயன்படுத்தறது வேற, இட்டுக்கட்டறது வேற.

அந்தப் பலகை விஷயத்த சும்மா சொல்லல. வாழ்க்கையிலயே முக்கியமான கேள்விய ஒரு பெண் ரேஸ் ட்ராக்குல பலகையில எழுதிக் காட்டறாங்கன்னா, பின்பக்கம் சீரியஸாதான் கேக்கறேன்னு தனியா எழுத வேண்டி வருதுன்னா, அவங்களுக்கு விளையாட்டும் நெஜமும் பக்கத்து பக்கத்துலயேதான் இருக்குன்னு அர்த்தம். கல்யாணத்த அப்படி ஆரம்பிச்சவங்க பிரிவ அழுது பாடியிருந்தாதான் எனக்கு சந்தேகமே வந்திருக்கும்.

இப்ப வீடியோவுக்கு வருவோம், ஏன்னா உங்க சந்தேகம் முளைச்சதே அங்கதான். டேவ் மேயர்ஸ் எடுத்தது, பிங்க்கோட நிறைய வீடியோ அவர் கைவண்ணம்தான். லாஸ் ஏஞ்சலஸ்ல சன்செட் புல்வார்டுல, ஹாலிவுட்டோட பெரிய ரோடு அது, அதுல புல்வெட்டற மெஷின் மேல உக்காந்து ஓட்டிட்டுப் போறாங்க. மரத்த ரம்பத்தால அறுத்து சாய்க்கறாங்க, கிட்டார் கடையில போயி ரகளை பண்றாங்க. இதுக்கு நடுவுல கேரி ஹார்ட் வர்றாரு. கூப்பிட்டதும் வந்துட்டாரு, வர்ற வரைக்கும் பாட்ட அவர் கேட்டதே இல்லன்னு பிங்க் பேட்டியில சொல்லியிருக்காங்க. இத யோசிச்சுப் பாத்தா எனக்கு இன்னிக்கும் ஆச்சரியமா இருக்கும். பிரிஞ்சுபோன பொண்டாட்டி கூப்பிடறா, பாட்டு தன்னப் பத்தினதுன்னு ஊருக்கே தெரியும், அதுல நீ ஒரு உதவாக்கரைன்னு கோரஸுக்கு கோரஸ் திட்டு வருது, அந்த ஆளு வந்து கேமரா முன்னாடி நிக்கிறாரு.

அவர் வந்து நின்னதால பாட்டோட நெறமே மாறிடுச்சுங்கறது என் அபிப்பிராயம். அவர் இல்லாம அதே வீடியோவ எடுத்திருந்தா, இல்லாத ஒருத்தர முதுகுக்குப் பின்னாடி திட்டற பாட்டா இருந்திருக்கும், அவர் பக்க நியாயம் என்னன்னு கேக்க ஆள் இல்ல. அவர் ஃப்ரேமுக்குள்ள இருக்கறப்ப, திட்டு வாங்கறவனும் சிரிக்கிறான், திட்டறவளுக்கும் அது தெரியும், அப்ப பாக்கற நமக்கும் சிரிக்க அனுமதி கெடச்சுடுது. பொண்டாட்டி ஒரு பாப் ஸ்டார், கையில மைக் இருக்கு, புருஷனுக்கு அந்த மாதிரி எதுவும் கெடையாது, அந்த ஏற்றத்தாழ்வ கொஞ்சம் சரி பண்ண இத விட நல்ல வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல. திரும்ப சேந்ததுக்கு இந்த ஷூட்டிங்தான் காரணம்னு சில பேர் அடிச்சு சொல்றாங்க, அத நான் அப்படி எடுத்துக்க மாட்டேன், ரெண்டு பேரு மறுபடி சேர்றதுக்கு ஒரு நாள் ஷூட்டிங் போதும்னு நெனைக்கிறது வெளியாளோட கற்பனை. ஆனா பேச்சுவார்த்தை அறுந்துபோன ரெண்டு பேர் இந்த வீடியோவ எடுத்திருக்க முடியாதுங்கறது மட்டும் உறுதி.

பாட்டுக்குள்ள போலாம். எழுதினது மூணு பேரு, பிங்க், மேக்ஸ் மார்ட்டின், ஷெல்பேக். தயாரிச்சது மேக்ஸ் மார்ட்டின். ஷெல்பேக் அப்ப இருபதுகள்ல இருந்த ஸ்வீடன் பையன், கார்ல் ஜோஹன் ஷூஸ்டர்னு நிஜப் பேரு, ப்ளைண்டட் காலனிங்கற மெட்டல் பேண்டுல இருந்து வந்தவர், அமெரிக்காவுல அவர் எழுதி நம்பர் ஒன் போன மொத பாட்டு இதுதான். மேக்ஸ் மார்ட்டினும் பாப்புக்கு வர்றதுக்கு முன்னாடி இட்ஸ் அலைவ்னு ஒரு ஹார்ட் ராக் பேண்டுல பாடிட்டு இருந்தவர். அதாவது ராக்குல ஊறின ரெண்டு பேரு பாப் பாட்டு செய்யறாங்க. அது கேக்கற காதுக்கு உடனே தெரியும், பேஸ் ட்ரம் நாலு அடியும் விடாம டம் டம்னு தரையில மிதிக்குது, டான்ஸ் பாட்டு மாதிரி நிக்காம ஓடுது, ஆனா அதுக்கு மேல உக்காந்திருக்கற ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துணுக்கு, ராக் பேண்டோடது, சுருக்கமா, முரட்டுத்தனமா, ஒரே இடத்துல சுத்திட்டே இருக்கும். வேகம் நிமிஷத்துக்கு 126 அடி பக்கம். சோகப் பாட்டுக்கு இது ரொம்ப அதிகம், கோவப் பாட்டுக்கு சரியா இருக்கும், ஆட்டம் போடற பாட்டுக்கு கச்சிதம்.

அந்த ரிஃப் மேல மொத வார்த்தையே வார்த்தை இல்ல, நா நா நான்னு ஒரு இழுப்பு. சின்னப் பசங்க சண்டையில நாக்க நீட்டி பழிப்பு காட்டறப்ப ஒரு தொனி வரும் பாருங்க, அது. பாடறவங்களுக்கு 29 வயசு நெருங்குது, கல்யாணம் ஆகி பிரிஞ்சாச்சு, பாட்டு தொறக்கறது பள்ளிக்கூட மைதானத்துல. இது தற்செயலா அமைஞ்சதில்லன்னு நான் நம்பறேன், ஏன்னா இந்தப் பாட்டுல பாடற ஆளு ஒரு வேஷம், பெரிய மனுஷியா நடந்துக்கணும்னு எல்லாரும் எதிர்பாக்கற நேரத்துல வேணும்னே சின்னப் புள்ள மாதிரி அடம் புடிக்கிற வேஷம். அந்த நா நா நா கேட்ட உடனே வேஷம் யாருன்னு நமக்குப் புரிஞ்சுடுது, அதுக்கப்புறம் அவங்க என்ன அபாண்டமா சொன்னாலும் ஏத்துக்கறோம்.

அப்புறம் மொத வரி. புருஷன தொலைச்சுட்டேன் போல, எங்க போனான்னு தெரியல. வண்டிச் சாவிய எங்கயோ வெச்சுட்டேன்னு சொல்ற குரல்ல சொல்றாங்க. வேற யாரா இருந்தாலும் அவன் என்ன விட்டுட்டுப் போயிட்டான்னுதான் ஆரம்பிச்சிருப்பாங்க. இங்க வலியோட அளவையும் சொல்ற விதத்தோட அளவையும் வேணும்னே பொருந்தாம வெச்சிருக்காங்க, சிரிப்பு வர்றது அந்தப் பொருத்தமின்மையில. அடுத்து காசயெல்லாம் குடிச்சே தீக்கப் போறேன், அவன் வாடகைய கட்ட மாட்டேன்னு வருது. வாடகைங்கற சொல்ல கவனிங்க. காதல் பாட்டுல வாடகை வராது. கல்யாணம் பண்ணி பிரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் யார் எதுக்கு காசு கட்டறதுங்கற பேச்சு வரும், அந்த ஒரு வார்த்தையில இது காலேஜ் காதல் முறிஞ்ச கதை இல்ல, குடித்தனம் கலைஞ்ச கதைன்னு தெரிஞ்சுடுது.

ரெண்டாவது சரணம்தான் எனக்கு ரொம்பப் புடிச்ச எடம். ஓட்டலுக்குப் போறாங்க, வெயிட்டர் அவங்க டேபிள எடுத்து ஜெசிகா சிம்ப்சனுக்கு குடுத்துடறாரு. ஜெசிகா சிம்ப்சன் அந்தக் காலத்துல பெரிய பாப் பாடகி, பத்திரிகை அட்டையில தெனம் வர்ற முகம். அந்தப் பேர முழுசா கூட பாடாம பாதியில வெட்டி ஒரு கெட்ட வார்த்தைய போடறாங்க, அந்தக் கெட்ட வார்த்தைதான் அடுத்த வரிக்கு எதுகை. இது கைதேர்ந்த வேலை. எழுதறப்ப எதுகைக்காக வரிய வளைச்சாங்கன்னே தெரியாது, டேபிள் போன எரிச்சல்ல வாய் தவறி வந்த மாதிரி இருக்கும். சரி போ, ட்ரம்ஸ் வாசிக்கிற பையனோட போயி உக்காந்துக்கறேன், அவனுக்காவது அடிக்கத் தெரியும்னு அடுத்த வரி. அந்த ட்ரம்மர் இன்னார்தான்னு நெட்ல ஒரு பேர் சுத்திட்டு இருக்கு, நான் இங்க அத எழுதப் போறதில்ல, பாட்டுல பேர் இல்ல, பாட்டுக்கு அது தேவையும் இல்ல, பேர் தெரிஞ்சா ஜோக் ஒண்ணும் பெருசாகப் போறதில்ல.

அதுக்கு அடுத்ததா ஒரு வரி வருது, இந்தப் பாட்டு ரேடியோவுல வந்துட்டா என்ன ஆகும், யாராவது ஒருத்தர் சாகப் போறாங்கன்னு. அதாவது பாட்டு வெளியாகறதப் பத்தி பாட்டே பேசுது. எழுதறப்பவே இது வெளிய போகும், அவன் காதுல விழும், சண்டை வரும்னு தெரிஞ்சே எழுதியிருக்காங்க. நீங்க விளம்பரமான்னு கேட்டீங்க இல்ல, அதுக்கு பாட்டுக்குள்ளயே இருக்கற பதில் இது, ஆமா இது ரேடியோவுக்கு போகப்போற பாட்டுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. மறைக்காம சொன்ன பிறகு அத மோசடின்னு சொல்ல எனக்கு மனசு வரல.

கோரஸ்ல நான் இன்னும் ராக் ஸ்டார்தான், நீ எனக்குத் தேவையில்ல, முன்ன விட இப்ப ஜாலியா இருக்கேன், நல்லாத்தான் இருக்கேன், நல்லாவே இருக்கேன்னு திரும்பத் திரும்ப வருது. நல்லா இருக்கறவங்க இத்தன தடவ சொல்ல மாட்டாங்க. அது மட்டும் இல்ல, இத நீதான் பாக்கணும், உனக்கு காட்டறேன்னும் வருது, தேவையில்லாத ஆளுக்கு எதுக்கு காட்டணும்? கேக்கறவங்களுக்கு இது வார்த்தையா புரியாம கூட போகலாம், ஆனா எங்கயோ உறுத்தும். அந்த உறுத்தல் சும்மா விட்டுப் போகல, பிரிட்ஜ்ல உடைஞ்சு வெளிய வருது.

பிரிட்ஜ்னு சொல்றது ரெண்டாவது கோரஸுக்கும் கடைசி கோரஸுக்கும் நடுவுல வேற மெட்டுல வர்ற பகுதி. அங்க ஜோக் ஒண்ணு கூட கெடையாது. நீ அங்க இல்ல, எப்பவுமே இருந்ததில்ல, நான் எல்லாத்தையும் குடுத்தேன், நீ என்ன விழ விட்டுட்டேன்னு நேரா ஒருத்தர் முகத்த பாத்து சொல்ற வரிகள். அது வரைக்கும் 'அவன்'னு ஊருக்கு கதை சொல்லிட்டு, கோரஸ்ல மட்டும் திட்டறதுக்கு 'நீ'ன்னு கூப்பிட்டுட்டு இருந்த குரல், இங்க மொத தடவயா குறை சொல்லி முறையிடுது. நேரம் பாத்தா ரொம்ப கொஞ்சம், மூணரை நிமிஷப் பாட்டுல அரை நிமிஷம் கூட தேறாது. அது முடிஞ்சதும் மறுபடி அதே கோரஸ், அதே வார்த்தைகள், ஆனா இப்ப அந்த ராக் ஸ்டார் பேச்சு கேக்கறப்ப மொத தடவ மாதிரி கேக்கல, அழுது முடிச்சு மூஞ்சியத் தொடச்சுட்டு மேடைக்குத் திரும்பி வந்தவங்க பாடற மாதிரி கேக்குது. ஒரு எழுத்த கூட மாத்தாம ஒரே கோரஸுக்கு ரெண்டு அர்த்தம் குடுத்திருக்காங்க. இந்தப் பாட்டு இன்னிக்கும் நிக்கறதுக்கு காரணம் இந்த அரை நிமிஷம்தான், இத நான் எங்க வேணா நின்னு வாதாடுவேன்.

மேடையில வாசிக்கறப்ப பேண்டுங்க வழக்கமா கெடுக்கற எடமும் இதுதான். பிரிட்ஜ் வந்தா ட்ரம்மருங்க ஏதோ பெரிய கிளைமாக்ஸ் வருதுன்னு உருட்ட ஆரம்பிச்சுடுவாங்க, கிட்டார்காரன் இன்னும் ரெண்டு மடங்கு சத்தம் வெப்பான், பாடகி கத்த வேண்டியதாயிடும், அந்த வரிகள் கோவமாயி மத்த வரிகளோட கலந்து போயிடும். நான் அரேஞ்ச் பண்ணா அந்த எடத்துல எல்லாரையும் கைய எடுக்கச் சொல்வேன், குரலுக்குப் பின்னாடி கிட்டத்தட்ட ஒண்ணும் வேணாம், கூட்டம் ஒரு நொடி தடுமாறும், அந்தத் தடுமாற்றம்தான் வேணும். இன்னொண்ணு, புதுசா பாடற பொண்ணுங்க மொத சரணத்தையே ஆவேசமா எடுப்பாங்க, வரிய படிச்சா கோவமாத்தானே இருக்கு. ஆவேசமா எடுத்தா பாட்டு மொத நிமிஷத்துலயே முடிஞ்சிடுச்சு, அதுக்கு மேல ஏற எடமே இல்ல. சரணத்த அலட்சியமா, உதட்டோரம் ஒரு சிரிப்போட, வம்பு பேசற மாதிரி பாடணும். பிங்க்கோட குரல்ல இயல்பாவே ஒரு கரகரப்பு இருக்கு, அவங்க சிரிச்சுட்டே பாடினாலும் அடியில ஏதோ கீறல் இருக்கற மாதிரியே கேக்கும், அந்த வசதி மத்தவங்களுக்கு கெடையாது, அதனால மத்தவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்.

இனி வெளியீடு, ஏன் இத மொத பாட்டா விட்டாங்கங்கறது. இதுல கம்பெனி மீட்டிங்ல யாரு என்ன சொன்னாங்கன்னு நம்ம கையில இல்ல, வெளிய தெரிஞ்ச வரிசைய வெச்சு நான் ஊகிக்கிறதத்தான் சொல்றேன், ஊகம்னே எடுத்துக்கோங்க. அந்த ஆல்பத்துல இருந்து வரிசையா என்ன வந்துச்சுன்னு பாருங்க. ஆகஸ்ட்ல 'ஸோ வாட்'. நவம்பர்ல 'ஸோபர்', போதை தெளிஞ்சா நான் யாருன்னு கேக்கற கனமான பாட்டு. 2009 ஆரம்பத்துல 'ப்ளீஸ் டோன்ட் லீவ் மீ', என்ன விட்டுப் போயிடாதேன்னு கெஞ்சற பாட்டு, அத எழுதினதும் பிங்க்கும் மேக்ஸ் மார்ட்டினும்தான். நீ தேவையே இல்லன்னு பாடினவங்க அஞ்சாறு மாசம் கழிச்சு போயிடாதேன்னு பாடறாங்க. இத தலைகீழா மாத்தி, கெஞ்சற பாட்ட மொதல்ல விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? பிப்ரவரியில பிரிவு செய்தி வந்திருக்கு, ஆகஸ்ட்ல அழுகைப் பாட்டு வந்தா, அய்யோ பாவம்ங்கற பார்வைதான் விழும், அந்தப் பார்வைய அதுக்கப்புறம் மாத்தறது கஷ்டம், பின்னாடி வர்ற ஜாலிப் பாட்டெல்லாம் கூட நடிப்பா தெரியும். சிரிப்ப மொதல்ல விட்டதால பரிதாபத்துக்கு எடம் இல்லாம போச்சு, பின்னாடி வந்த வலிய ஜனங்க மதிச்சு கேட்டாங்க. இது வியாபாரக் கணக்கு மட்டும்னு நான் நெனைக்கல, தன்ன எப்படிப் பாக்கணும்ங்கறத தானே முடிவு பண்ணிக்கிற ஒரு பொண்ணோட தன்மானமும் இதுல இருக்கு.

வியாபாரமாவும் அது பலிச்சுது. 2008 செப்டம்பர் 7-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ்ல பாரமவுண்ட் ஸ்டூடியோவுல நடந்த எம்டிவி விருது விழாவுல இத மேடையேத்தினாங்க, அதே மாசக் கடைசியில அமெரிக்காவோட முக்கியமான பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-ல மொத எடம். 2001-ல நாலு பேரா சேந்து பாடின 'லேடி மார்மலேட்'ல ஏற்கனவே ஒரு நம்பர் ஒன் இருந்துச்சு, ஆனா தனியா பாடி அமெரிக்காவுல மொத எடம் புடிச்சது இதுதான் முதல் தடவ. அங்க ஒரே வாரம்தான் நின்னுச்சு, பிரிட்டன்ல மூணு வாரம், ஆஸ்திரேலியாவுலயும் முதலிடம். 2005-ல இருந்தே ஹாட் 100 கணக்குல காசு குடுத்து டவுன்லோட் பண்றதும் சேந்துடுச்சு, அதனால கேட்ட உடனே சிரிப்பு வந்து உடனே வாங்கற மாதிரியான பாட்டுக்கு அது நல்ல காலம். ஆல்பம் அமெரிக்காவுல ரெண்டாவது எடத்துலயும் பிரிட்டன்லயும் ஆஸ்திரேலியாவுலயும் முதலிடத்துலயும் எறங்கிச்சு. ஆஸ்திரேலியாக்காரங்களுக்கு இவங்க மேல தனிப் பிரியம், 2009-ல அங்க மட்டும் 58 கச்சேரி, அதுல 17 மெல்போர்ன் நகரத்துலயே.

இது ஒரு தடவ அதிர்ஷ்டத்துல பலிச்சதில்லன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கு. நாலு வருஷம் கழிச்சு, 2012 ஆகஸ்ட்ல அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் இனி நாம ஒண்ணு சேரவே போறதில்லன்னு ஒரு கேலியான பிரிவுப் பாட்டோட வர்றாங்க, அதுவும் புது ஆல்பத்தோட மொத பாட்டு, அதுவும் ஆல்பத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி. கூட எழுதி தயாரிச்சது யாருன்னு பாத்தா அதே மேக்ஸ் மார்ட்டின், அதே ஷெல்பேக். பாட்டு நடுவுல இசைய கொறச்சுட்டு அவன் போன் பண்றான்னு தோழிகிட்ட அலுத்துக்கற மாதிரி சும்மா பேசறாங்க, பாடவே இல்ல. அதுவும் ஹாட் 100-ல அவங்களோட மொத நம்பர் ஒன். ரெண்டுக்கும் வித்தியாசமும் இருக்கு. டெய்லர் பாட்டுல சிரிப்பு அந்தப் பையன் மேல, பிங்க் பாட்டுல சிரிப்பு முக்கால்வாசி தன் மேலயே, டேபிள் போனது அவங்களுக்கு, ட்ரம்ஸ் பையனோட போயி உக்கார்றது அவங்க, சண்டைக்கு அலையறது அவங்க. எனக்கு பிங்க் பாட்டுதான் ஒசத்தி, காரணம் இதுதான். டெய்லர் பாட்டு கேக்க ரொம்ப சுகம், ஆனா அதுல நான் மேல சொன்ன பிரிட்ஜ் மாதிரி தரை விலகற எடம் ஒண்ணு இல்ல.

ஒரு எதிர்க்கருத்தும் உண்டு, அத சொல்லாம விட்டா நியாயம் இல்ல. குடிச்சுட்டு ரகளை பண்றேன், சண்டை போடறேன்னு பாடறது சின்னப்புள்ளத்தனம், இதுல என்ன பெருமைன்னு அப்பவே நெறைய பேர் கேட்டாங்க. பாட்ட வெறும் கோரஸா பார்ட்டியில கேட்டா அப்படித்தான் தோணும், மறுக்கல. ஆனா அந்தப் பேச்சுல இருக்கறவங்க பிரிட்ஜ் வர்றதுக்குள்ள எழுந்து போயிட்டாங்கன்னுதான் நான் சொல்வேன்.

கேரி ஹார்ட் திரும்பி வந்த பிறகும் இந்தப் பாட்ட அவங்க ஓரங்கட்டல, கச்சேரியோட உச்சத்துல, ஒடம்புல பெல்ட் கட்டி கயிறுல கூட்டத்துக்கு மேல பறந்துட்டே பாடற பாட்டா இது மாறிடுச்சு. 2010 ஜூலை 15-ல ஜெர்மனியில நியூரம்பர்க் கச்சேரியில அந்த பெல்ட் சரியா மாட்டாததால மேடையில இருந்து இழுபட்டுத் தடுப்புல மோதி ஆஸ்பத்திரி வரைக்கும் போனாங்க, அது இந்தப் பாட்டு பாடறப்பதான். நல்லவேளையா எலும்பு எதுவும் ஒடையல. அதுக்கப்புறமும் பறக்கறத நிறுத்தல. சண்டைப் பாட்டு கொண்டாட்டப் பாட்டா மாறினதுல அந்த அரை நிமிஷத்தோட கனம் மேடையில கொஞ்சம் கொறஞ்சு போச்சுங்கறது எனக்கு இருக்கற ஒரே வருத்தம், காத்துல சுத்திட்டே அந்த வரிகள பாடறப்ப கூட்டம் கைதட்டிட்டு இருக்கும்.

அதனால இத சரியா கேக்கணும்னா ஸ்டூடியோ பதிவையே கேளுங்க, ஹெட்ஃபோன்ல, வேற வேலை பாக்காம. மொதல்ல 'ஸோ வாட்', முடிஞ்ச உடனே இடைவெளி விடாம 'ப்ளீஸ் டோன்ட் லீவ் மீ' போடுங்க. மேடை எப்படின்னு தெரிஞ்சுக்க 2009-ல வந்த 'ஃபன்ஹவுஸ்' டூரோட ஆஸ்திரேலியா லைவ் பதிவு இருக்கு, அதையும் கடைசியா பாருங்க. பாத்துட்டு உங்களுக்கு இன்னும் அது நாடகமாத்தான் தோணுதுன்னா கீழ எழுதுங்க, எந்த வரியில அப்படித் தோணுச்சுன்னு சேத்து எழுதுங்க, பேசுவோம்.